விலை கேட்டவருக்கு மறுமடல்

நம் காப்பியமாகிய சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நூல் வெளிவருமுன்னரே வாங்க இசைந்து கையொப்பமிட்டோரின் ஆதரவை நாடினார். கையொப்பம் வேறு, கைக்கு வரும் தொகை வேறு. இடையே கடிதம் வேண்டும். இன்று தியாகராய நகரில் பாத்திரக்கடை நடத்தும் பிள்ளைகளுக்கும் நிலை அதுவே. விலை கேட்டவர் வாளாவிருப்பார். அவருக்கு “நினைவூட்டுகிறேன்” என்று மட்டும் மின்னஞ்சல் அனுப்புதல் வீண். “12ஆம் தேதி தாங்கள் திருமணத் தாம்பூலத்திற்கென 200 எவர்சில்வர் டப்பாக்களுக்கு விலை கேட்டீர்கள். பெயர் பொறிக்க நான்கு நாள் ஆகும். மாதிரி ஒன்று அனுப்பட்டுமா?” என எழுதுக. அவர் கேட்டதும் நாம் புதிதாகச் சொல்வதும் அதில் உள்ளன. வினாவோ ஒன்றே, விடையும் எளிது. முந்தைய மடலின் தொடர்ச்சியாகவே அனுப்புக. “இன்றே கடைசி” என்னும் பொய் வேண்டா. நாளையும் அதே விலையெனில் அவர் அறிந்துவிடுவார். ஒரு வாரம் பொறுத்து இன்னொன்று எழுதலாம். அதற்கும் மறுமொழி இல்லையேல் நிறுத்திவிடுக.