போட்டிக் களத்தில் மாணவர் தொண்டு



சிலம்பம், சிலாட், கராத்தே, தேக்வாண்டோ போட்டிகளில் களம் இறங்கும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம், கை தட்டுகிறோம். ஆனால் மேசையோரத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டும் புள்ளிகளைக் குறித்துக்கொண்டும் அமர்ந்திருக்கும் மாணவத் தொண்டர்களை நாம் கவனிப்பதில்லை. "சனிக்கிழமை வியாபாரம் மிகுந்த நாளாயிற்றே! சம்பளம் இல்லாத வேலைக்குப் பையனை ஏன் அனுப்ப வேண்டும்?" என்று நம்மவர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்போம்.

நம் பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், மாலை வேளைகளில் லயத்து வாசலில் சிலம்பம் சுற்றினார்கள். ஆசானே நடுவர், அவர் சொல்லே தீர்ப்பு. பின்னர் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் ஈப்போ போன்ற பட்டணங்களுக்கு வந்தார்கள். கலையும் அவர்களோடு மண்டபத்துக்கு வந்தது. 2018-ல் 19-வது சுக்மா விளையாட்டுகள் நம் மாநிலத்தில் நடந்தன. 2019-ல் யுனெஸ்கோ சிலாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இன்று ஒரு போட்டி நடத்த ஆசான் ஒருவர் போதாது. எடை பார்ப்பவர், பெயர் அழைப்பவர், நேரம் பார்ப்பவர், புள்ளி குறிப்பவர் எனப் பல கைகள் வேண்டும்.

ஒரு நொடியின் விலை

இக்கைகளின் பொறுப்பு எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம். 2012 ஜூலை 30-ல், லண்டன் ஒலிம்பிக்ஸில் பெண்கள் வாட்போட்டியின் அரையிறுதி ஆட்டம். கொரியாவின் ஷின் ஆ-லாமும் ஜெர்மனியின் பிரிட்டா ஹைடமானும் 5-5 என்று சமமாக நின்றார்கள். கூடுதல் நிமிடமும் சமமாக முடிந்தால் வெற்றி ஷின்னுக்கு. ஒரே நொடி எஞ்சியிருக்கையில் ஆட்டம் மீண்டும் மீண்டும் நின்று தொடங்கியது. கடிகாரமோ அந்த ஒரு நொடியை விட்டு நகரவில்லை. அதற்குள் ஹைடமான் தொட்டு வென்றுவிட்டார். முறையீடு தள்ளப்பட்டது. ஷின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் களத்திலேயே அமர்ந்து அழுதார்.

கடிகாரத்தை இயக்கியவர் பள்ளி வயதுத் தொண்டர் என்று அந்நாளில் செய்திகள் வந்தன. அப்பிள்ளையைக் குறை கூறுவது முறையன்று. முழு நொடிகளை மட்டும் காட்டும் கடிகாரத்தைக் கொடுத்தவர்கள் பெரியவர்களே. தொண்டரை அமர்த்துமுன் பயிற்சியும் தக்க கருவியும் தருவது நடத்துவோர் கடமையாகும்.

தொண்டர் அறிய வேண்டியவை

முதலாவது, எடை. ஆண்டுதோறும் தராசுக்கு முத்திரை வாங்கும் நமக்கு இது புதிதன்று. சமதளத்தில் வைத்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும். எல்லைக்கு மேல் ஒரு சிறு அளவு ஏறினாலும் ஏறியதுதான். முகம் பார்த்துத் தள்ளுபடி செய்யலாகாது.

இரண்டாவது, நேரம். கண் ஆட்டக்காரர் மீதன்று, நடுவரின் கை மீதே இருக்க வேண்டும். ஆட்டத்தின் சுவையில் மயங்குகிறவர் கடிகாரத்தைத் தவறவிடுவார். காயத்துக்குக் கொடுக்கும் நேரத்தையும் கண்டிப்பாகக் கணக்கிட வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தேக்வாண்டோவில் கியூபாவின் ஆங்கெல் மாட்டோஸ் காயத்துக்கான ஒரு நிமிடத்தைக் கடந்ததால் தோல்வியுற்றார். சினத்தில் நடுவரின் முகத்தில் உதைத்து வாழ்நாள் தடை பெற்றார்.

மூன்றாவது, எழுத்து. புள்ளித் தாளும் கடைப் பேரேடு போன்றதே. பிழை நேர்ந்தால் அழித்தெழுதாமல், ஒரு கோடிட்டு, சரியானதை அருகில் எழுதி, நடுவரின் கையொப்பம் பெற வேண்டும்.

நான்காவது, சொந்தம். தம்பியோ தன் பள்ளித் தோழனோ களத்தில் நின்றால், கேட்குமுன் எழுந்து, மேசையை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நேர்மையாகவே குறித்தாலும் எதிர்த் தரப்பார் நம்பமாட்டார்கள். நம்பிக்கை போன தீர்ப்பு செல்லாக் காசு.

நமக்கு என்ன லாபம்?

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு உரியது; பள்ளிச் சேவையும் அதில் உதவும். அதனினும் பெரியது ஒன்றுண்டு. கூட்டம் கூச்சலிடும்போது கணக்கு மாறாத பிள்ளையிடம் கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு நாம் அச்சமின்றிச் சரக்கெடுக்கப் போகலாம். ஓராண்டு உழைத்து வந்த ஏதோ ஓர் ஏழைப் பிள்ளையின் வெற்றி, நம் பிள்ளையின் விரல் நுனியில் அமானிதமாக இருக்கிறது. ஆகவே, அடுத்த போட்டிக்கு ஆள் கேட்டு வந்தால் ஒரு சனிக்கிழமையை மனமுவந்து விட்டுக்கொடுப்போமாக!