மட்டாஞ்சேரியில் வளைகத்தி வாங்கும் முன்

கொச்சி தேவராவில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: "சார், ஊரில் கட்டியிருக்கும் புது வீட்டுக் கூடத்தில் மாட்ட ஒரு வளைந்த கத்தி தேடிக்கொண்டிருக்கிறேன். மட்டாஞ்சேரியில் ஒன்று பார்த்தேன். அலகு முழுக்கத் தண்ணீர் அலை மாதிரி கோடு ஓடுகிறது. டமாஸ்கஸ் எஃகு, இருநூறு வருஷப் பழசு, யானைத் தந்தப் பிடி என்கிறார் கடைக்காரர். விலை கேட்டால் தலை சுற்றுகிறது. வாங்கலாமா?"

வளைகத்தி வாங்கலாம் தம்பி, அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் ஒரே மூச்சில் உங்களிடம் நாலு சரக்கை விற்கிறார்: கத்தி, எஃகு, பிடி, கதை. முதல் மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். நாலாவதற்குத்தான் விலையில் பாதிக்கு மேல் போகிறது. உங்கள் காசு கத்திக்குப் போகட்டும், கதைக்கு வேண்டாம்.

முதலில் அந்த இருநூறு வருஷத்தைப் பிடித்துக்கொள்வோம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய இப்படிப்பட்ட கைவேலைப் பொருள் தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க லைசென்ஸ் வேண்டும். தனியாள் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே அவர் "இருநூறு வருஷம்" என்று ஆரம்பித்ததும் சிரித்த முகத்தோடு, "சேட்டா, தொல்பொருள் லைசென்ஸைக் கொஞ்சம் காட்டுங்கள், பில்லிலும் அந்த வயசை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். உண்மையிலேயே பழைய சரக்கு விற்பவர் எடுத்துக் காட்டுவார். மற்றவர் கத்திக்கு அந்த இடத்திலேயே நூற்றைம்பது வயது குறைந்துவிடும். சில கடைகளில் "பழைய பாணி" என்று மாற்றிச் சொல்வார்கள். நல்லது. பழைய பாணி என்றால் புதுக் கத்தி. விலையும் புதுக் கத்தியின் விலைக்கு இறங்கி வர வேண்டும்.

மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவைக் குறை சொல்லவில்லை. மிளகும் சுக்கும் மணக்கும் அந்தச் சந்துகளில் சுற்றுவது எனக்கு இன்றைக்கும் பிடித்த வேலை. 1568-இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் ஒரு முனையில். போர்ச்சுகீசியர் கட்டிக்கொடுத்து, டச்சுக்காரர் செப்பனிட்டதால் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் ஒட்டிக்கொண்ட கொட்டாரம் பக்கத்திலேயே. ஊரே இப்படி என்றால், வாங்குகிறவன் மனசு எதையும் பழசு என்று நம்பத் தயாராகத்தான் இருக்கும். கடைகளில் கிடக்கும் வளைகத்திகளில் பெரும்பாலானவை ராஜஸ்தான் பக்கத்துப் பட்டறைகளில் இந்தக் காலத்தில் செய்து வந்தவை. அவற்றிலும் அருமையான வேலை உண்டு. உதய்ப்பூரில் எஃகின் மேல் நுண்ணிய குறுக்குக் கோடு கீறி, தங்கம் வெள்ளிக் கம்பியைத் தட்டிப் பதிக்கும் கோஃப்ட்காரி வேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதைப் புது வேலை என்று சொல்லி விற்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

இனி எஃகு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன்.

கோடு ஓடும் எஃகு என்று கடையில் காட்டுவது மூன்று வகையாக இருக்கலாம். ஒன்று, பழைய உருக்கு. வெள்ளைக்காரன் 'வூட்ஸ்' என்று எழுதிவைத்தது இதைத்தான். அந்தச் சொல்லே கன்னட 'உக்கு', நம் 'உருக்கு' இவற்றிலிருந்து போனது என்று பலர் சொல்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. சேலம் பக்கத்தில் இந்தத் தொழிலைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஜோசையா ஹீத், மண் மூசைக்குள் இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியைப் போட்டு, எருக்க இலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்து உலையில் வைப்பார்கள் என்று குறித்திருக்கிறார். குச்சியும் இலையும் கரியாகி அந்தக் கரி இரும்பில் ஏறும். மெல்ல ஆறவிட்டு, சூடு மீறாமல் தட்டி அலகாக்கினால் உள்ளேயே படிந்த கார்பைடு துகள்கள் வரிவரியாக நிற்கும். அதுதான் அந்த அலை. நம் எஃகு கடல் தாண்டிப் போய் 'டமாஸ்கஸ்' என்று பெயர் வாங்கிக்கொண்டது. அந்தத் தொழில் 19-ஆம் நூற்றாண்டோடு ஏறக்குறைய அடங்கிவிட்டது. இன்றைக்குச் சிலர் ஆராய்ச்சி ஆர்வத்தில் மறுபடி செய்கிறார்கள் என்றாலும், தெருக்கடையில் தொங்கும் கத்தி அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இரண்டாவது, அடுக்கு எஃகு. கரி அதிகமுள்ள எஃகையும் நிக்கல் கலந்த எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி ஒட்டி, மடித்து, முறுக்கி, தட்டுவது. கடைசியில் அமிலத்தில் முக்கினால் கரி எஃகு கறுக்கும், நிக்கல் எஃகு வெள்ளையாக நிற்கும். இன்று உலகம் முழுக்க 'டமாஸ்கஸ்' என்று விற்பதில் பெரும்பகுதி இதுதான். இதுவும் உழைப்புள்ள அசல் வேலை. ஒழுங்காகச் செய்திருந்தால் மதிக்கத் தக்கது.

மூன்றாவது, சாதாரண இரும்பின் மேல் அமிலத்தாலோ லேசராலோ வரைந்த கோலம்.

இருபது வருஷத்துக்கு முன் நான் வாங்கியது மூன்றாவது. கடை பெயர் வேண்டாம். திப்பு சுல்தான் படைவீரன் இடுப்பில் இருந்தது என்று சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மாங்காய் வடிவில் ஒரு சுழி. அதிலிருந்து நாலு விரல் தள்ளி அதே சுழி. இன்னும் நாலு விரல் தள்ளி மறுபடி அதே. புடவை பார்டரில் அச்சு விழுகிற மாதிரி! சுத்தியல் அடி ஒன்றுபோல் இன்னொன்று விழாது. பிடிக்குப் பக்கத்தில் ஓர் ஓரத்தை ஜீரோ நம்பர் எமரித் தாளால் தேய்த்தேன். கோடு போயிற்று. இதில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: அசல் அடுக்கு எஃகிலும் தேய்த்தால் கோடு மங்கத்தான் செய்யும். ஆனால் மறுபடி அமிலம் தொட்டால் அதே இடத்தில் அதே கோடு எழும். எலுமிச்சைச் சாறு விட்டு அரை மணி நேரம் வைத்தேன். என்னுடையதில் எதுவும் எழவில்லை. சாம்பல் திட்டுதான் மிச்சம். (எலுமிச்சையில் லேசாகத்தான் தெரியும். சர்க்யூட் போர்டு அரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் ஃபெரிக் குளோரைடில் பளிச்சென்று தெரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கத்தி செய்கிறவர்கள் கெட்டியான இன்ஸ்டன்ட் காபியில் ஊறப்போட்டும் கறுப்பு ஏற்றுகிறார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.)

கடையில் நின்றுகொண்டு எமரித் தாளை எடுக்க முடியாது. அங்கே செய்ய வேண்டியது, கத்தியின் முதுகைப் பார்ப்பது. அலகின் இரண்டு பக்கமும் எல்லோரும் பார்ப்பார்கள், முதுகை யாரும் பார்ப்பதில்லை. அடுக்கு எஃகென்றால் கோடு ஒரு பக்கத்திலிருந்து ஏறி, முதுகில் தாண்டி, மறு பக்கம் இறங்கும். வாதாம் கேக்கை எங்கே வெட்டினாலும் உள்ளே வாதாம் தெரிவது போல. முதுகு வெறும் வெள்ளையாக, கோடு பக்கங்களில் மட்டும் இருந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். இருட்டுக் கடையில் பார்க்காதீர்கள். "வெளிச்சத்தில் பார்க்கலாமா?" என்று கேட்டு வாசலுக்குக் கொண்டுவாருங்கள். பழைய உருக்கில் கோடு மிக நுணுக்கமாக, ஈரப் பட்டில் தெரியும் நெளிவு போல இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக எட்டடி தூரத்திலிருந்தே மின்னினால் அது அடுக்கு எஃகு அல்லது வரைந்தது.

துருவையும் படியுங்கள். வருஷக்கணக்கில் வந்த துரு கரும்பழுப்பாக இறுகியிருக்கும். உப்புத் தண்ணீரிலும் அமிலத்திலும் போட்டு அவசரமாக வளர்த்த துரு ஆரஞ்சு நிறத்தில் பொடியாக விரலில் ஒட்டும், அலகு முழுக்க ஒரே சீராகவும் இருக்கும். அந்தத் துருவுக்கு அடியில் மின்சாரச் சாணைக்கல் போட்ட நேர்க்கோடுகள் தெரிந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பிடியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். யானைத் தந்தம் என்று கடைக்காரர் சொல்வது பொய்யென்றால் நீங்கள் ஏமாந்தீர்கள். மெய்யென்றால் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள். இந்தியாவில் தந்த வியாபாரம் முழுக்கத் தடை. மான் கொம்புப் பிடியும் அதே வில்லங்கம்தான். பெரும்பாலும் அது ஒட்டக எலும்பாகவோ மாட்டெலும்பாகவோ இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் எலும்பில் ஊசி குத்தினாற்போல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் வலை போல் குறுக்கு நெடுக்காகக் கோடு ஓடும். "ஒட்டக எலும்புதானே?" என்று நீங்களே கேளுங்கள். ஆமாம் என்றால் எலும்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இல்லை, தந்தம்தான் என்று சத்தியம் செய்தால் தொடாதீர்கள். பிடியைப் பிடித்து லேசாக உதறியும் பாருங்கள். உள்ளே லொடலொட என்றால் அலகின் வால் பகுதி சரியாகப் பிடித்திருக்கவில்லை. நாளைக்குச் சுவரில் ஆணி அசைந்தால் அலகு தனியே வந்து விழும்.

எந்த வடிவம் வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். வீடியோ கேமைப் பார்த்துவிட்டு இந்தோனேசியக் கராம்பிட் கேட்கும் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். கழுகு நகம் போல் வளைந்த அது நம் சுவருக்கு ஒட்டாது என்பது என் அபிப்பிராயம். அரபுக்காரரின் ஜம்பியா கொச்சித் துறைமுகத்துக்குப் பொருந்தும். நம் பேச்சிலேயே குடியிருப்பது பிச்சுவா. இந்தியில் 'பிச்சூ' என்றால் தேள். கொடுக்கு மாதிரி இரண்டு முறை வளைந்த அலகால் வந்த பெயர். வாங்குவதற்கு முன் அசலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். தேவராவிலிருந்து திருப்பூணித்துறை ஹில் பேலஸ் பக்கம்தான், திங்கள் விடுமுறை. சென்னை போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவற்றைப் பாருங்கள். நல்ல வளைவு எது என்று ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும். உண்மையில் வெட்டுகிற வளைவுதான் வேண்டுமென்றால் சிவகங்கைச் சீமைத் திருப்பாச்சேத்தி அரிவாளைத் தேடிப் போங்கள், அது வேறு கணக்கு.

ஆயுதச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, ஆயுத விதிகளின் பட்டியலில் வருகிறது. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் லைசென்ஸ் கேட்பார்கள். அலங்காரத்துக்குத்தானே, அதைவிடச் சின்னதாக, சாணை பிடிக்காததாக வாங்குங்கள். பெரியதுதான் பிடித்திருக்கிறது என்றால் உங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வாங்குங்கள். வாங்கிய கையோடு இடுப்பில் செருகிக்கொண்டு தேவரா பஸ்ஸில் ஏறாதீர்கள். துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் கட்டி, பெட்டியின் அடியில் வைத்து, பில்லை மேலே வையுங்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். சிங்கப்பூர் மச்சானுக்குப் பரிசாக அனுப்பும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள், அங்கே ஆயுத விதி நம் ஊரைவிடக் கடுமை.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா கையில் கொடுத்துவிடாதீர்கள். புளி போட்டுத் தேய்த்து ஒரே நாளில் கோட்டை வழித்துவிடுவார்கள். பித்தளை பாலிஷும் ஆகாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, பழைய பனியன் துணி, மாதம் ஒரு தடவை, அவ்வளவுதான். அலகை வெறும் விரலால் தொட்டால் வியர்வை பட்ட இடத்தில் ரேகையோடு துரு பூக்கும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கத்தி தனியாக, உறை தனியாகச் சுவரில் இருக்கட்டும். குழந்தைகள் நாற்காலி போட்டாலும் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

அடுத்த ஞாயிறு அந்தக் கடைக்கு மறுபடி போவீர்கள் என்று தெரியும். முதுகில் கோடு தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால், "புதுக் கைவேலை, அடுக்கு எஃகு, எலும்புப் பிடி" என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். அதை எழுதச் சம்மதித்த பிறகு விலை பேச ஆரம்பியுங்கள், அதற்கு முன் பேச வேண்டாம்.