மோட்டாரை மாற்றினால் தோல் தைக்குமா?

கேள்வி: வீட்டில் கறுப்பு டெய்லர் மாடல் மிஷின் இருக்கிறது. பிளவுஸ், சுடிதார் தைத்துப் பழக்கம். இப்போது தோலில் மணிபர்ஸும் தோள்பையும் தைக்கப் பார்க்கிறேன். நாலு தையல் விழுந்தால் ஐந்தாவது தாண்டிவிடுகிறது, நூலும் அறுகிறது. பெரிய மோட்டார் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: வேண்டாம் அம்மா, அந்தப் பணம் கையிலேயே இருக்கட்டும். மோட்டார் ஊசியை வேகமாக இறக்கும், அவ்வளவுதான். உங்கள் சிக்கல் ஊசி ஏறும்போது வருகிறது. தோல் ஊசியை இறுகப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து மேலே எழும்பும். அப்போது ஊசிக் காதருகே நூல் வளையம் சரியாக விழாது. ஷட்டிலின் மூக்கு ஒன்றும் சிக்காமல் சுற்றிவிட்டுப் போகும். தையல் தாண்டுவது அதனால்தான்.

முதலில் ஊசியை மாற்றுங்கள். தோலுக்கென்றே விற்கும் ஊசியின் முனை தோலைக் கீறிக்கொண்டு இறங்கும். 16 அல்லது 18ஆம் நம்பர் போதும். மறந்துபோய் அதே ஊசியில் பிளவுஸ் தைத்துவிடாதீர்கள், இழைகள் அறுந்துவிடும். பருத்தி நூலை விட்டுவிட்டு, ‘பாண்டட்’ நைலான் அல்லது பாலியஸ்டர் நூல் கேட்டு வாங்குங்கள். நூலை மட்டும் தடிமனாக்கி, ஊசி நம்பரைக் கூட்டாவிட்டால், காதில் உராய்ந்து மறுபடியும் அறும்.

தையலின் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் உறுதி என்பது துணிக்குச் சொன்ன கணக்கு. தோலில் விழுந்த துளை மூடாது. நெருங்கிய துளைகள் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகக் கிழியும். குண்டூசி குத்தினாலும் தடம் அப்படியே நிற்கும். அதனால் ஓரங்களை ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டிக்கொண்டு தையுங்கள்.

அடுத்தது பாதம். இரும்புப் பாதம் தோலில் ஒட்டும். கீழ்த்தோலை மிஷினின் பல் இழுத்துப்போகும், மேல்தோல் பின்தங்கும். கடைசியில் இரண்டு விளிம்பும் பொருந்தாது. டெஃப்லான் பாதமோ உருளை வைத்த பாதமோ போட்டால் பாதித் தொல்லை தீரும். மடிப்பு வரும் இடங்களில் தோலின் உள்பக்கத்தைக் கூரான கத்தியால் சீவி மெல்லிசாக்குங்கள். புதிதாகத் தைக்க வருகிறவர்கள் அலுப்புப்பட்டு விட்டுவிடுகிற வேலை இதுதான். பர்ஸ் பார்க்க முரடாக இருக்கிறதென்றால் பெரும்பாலும் தையலில் குறை இருக்காது, சீவாத ஓரம்தான் காரணம்.

இவ்வளவும் செய்தால், எல்லா மடிப்பும் சேர்ந்து 2 மில்லிமீட்டர் வரை மிருதுவான தோலை உங்கள் மிஷின் தைத்துவிடும். தோள்பையின் வார் சேரும் இடத்தை அதில் திணிக்காதீர்கள். அதற்கு ஊசியும் பாதமும் பல்லும் ஒன்றாக நகர்ந்து தோலைத் தள்ளுகிற ‘வாக்கிங் ஃபுட்’ மிஷின் வேண்டும். ஜூகி 1541 அந்த ரகம். பழைய மிஷின் பார்க்கப் போனால் உங்கள் தோலையும் நூலையும் கையோடு கொண்டுபோய், மெல்லிய இடம், தடித்த இடம் இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் நீட்டும் துண்டில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும்! மோட்டாரை மாற்ற வேண்டிய இடமும் இங்கேதான். கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டு சர்வோ மோட்டார் போடுங்கள். வேகத்துக்காக அல்ல, ஒவ்வொரு தையலாக நிதானமாக ஓட்டுவதற்கு.

கேள்வி: மிஷின் தையலைவிடக் கைத்தையல் உறுதி என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெல்ட், பை வார் போன்றவற்றுக்கு உண்மை. மிஷினில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கிபோட்டு நிற்கின்றன. ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக விடுகிறோம். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். தையல் நீளத்தைப்போல் நாலு மடங்கு நூல் எடுத்து, தேன்மெழுகு தடவிக்கொள்ளுங்கள். ஆனால் பத்துப் பை ஆர்டர் வந்தால் மிஷினுக்கே போங்கள், கை வலிக்கும்.

கேள்வி: பழகுவதற்கு எந்தத் தோல் வாங்கலாம்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: பெரியமேட்டுக்குப் போங்கள். முழுத்தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். பழக வெட்டுத்துண்டு போதும். பைக்கும் பர்ஸுக்கும் குரோம் தோல் மிருதுவாக வளையும். பூவேலை அச்சு பதிக்கவோ விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கவோ ஆசையிருந்தால் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் நம் ஊரில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்தே இதைச் செய்தார்கள். ஒரு எச்சரிக்கை: இந்தத் தோல் ஈரமாக இருக்கும்போது இரும்புக் கருவி பட்டால் கறுப்பாகக் கறை விழும். பட்டுவிட்டால் எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து துடையுங்கள், மங்கும். அதையும் முதலில் ஒரு துண்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.