கலையாத அவை

வீட்டினுள் விளக்கு அணைந்தால் அதனை ஏற்றுவது வீட்டாரின் கடமை. தெருவில் விளக்கு அணைந்தால் அதனை ஏற்றுவது எவர் கடமை? வீட்டுக் கிணறு தூர்ந்தால் வீட்டுத் தலைவன் தூர் வாருகிறான். ஊர் ஏரி தூர்ந்தால் வாருவோர் யாவர்? 'எல்லார்க்கும் உரியது' என்னும் பொருள், கவனிப்பார் இல்லையாயின், விரைவில் 'எவர்க்கும் உரியதன்று' என்னும் நிலையை எய்திவிடும். ஆகவே, பொதுவில் உள்ளதைப் பேண வேண்டுமாயின் மக்கள் பொதுவில் கூட வேண்டும். கூடிப் பேசி, பேசியதை முடிவு செய்து, முடிவை எழுதி வைத்து, எழுதியவாறு நடந்து, நடந்ததற்குக் கணக்குக் காட்டும் இடமே அவை எனப்படும்.

இவ்வாறு கூடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. மன்றம், பொதியில், அம்பலம் என்னும் சொற்கள் ஊரார் ஒருங்கு கூடிய இடங்களைக் குறிப்பன. சங்க நூலாகிய அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் ஓர் உவமையை ஆள்கின்றார். கயிற்றால் கட்டிப் பொறி இட்ட குடத்தைத் திறந்து, உள்ளிருக்கும் ஓலைகளை ஆவண மாக்கள் வெளியில் எடுக்கும் காட்சி அது. பாலை நிலத்தில் வீழ்ந்து கிடந்த வீரரின் குடலைப் பருந்து பற்றி இழுக்கும் கொடுமையை விளக்குதற்குப் புலவர் இவ்வழக்கத்தை எடுத்துக் காட்டுகின்றார். உவமையாகக் கூறும் பொருள் கேட்போர்க்கு நன்கு தெரிந்ததாக இருத்தல் வேண்டும் அன்றோ? குடத்தில் ஓலை இட்டு எடுக்கும் முறை அக்காலத்து மக்கள் பலரும் அறிந்த ஒன்று என்பது இதனால் விளங்கும்.

அம்முறை எவ்வாறு நடைபெற்றது என்பதை விரிவாகக் கூறும் சான்றும் நமக்குக் கிடைத்துள்ளது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்தரமேரூர் என்னும் ஊர் உள்ளது. அங்கு வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டிற்கு உரியது; மற்றொன்று கி.பி. 921-ஆம் ஆண்டிற்கு உரியது. முதலில் வகுத்த விதிகளில் கண்ட குறைகளை இரண்டாவது கல்வெட்டுத் திருத்துகின்றது. பட்டறிவினால் கண்ட குறையை இரண்டே ஆண்டுகளில் திருத்திக்கொண்ட அவ்வவையின் நேர்மை போற்றத்தக்கது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இக்காலத்து வார்டு என்பது போன்றதே குடும்பு என்பது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோரும் நிறைந்த பேரவையின் நடுவில், கோயிலில் பூசனை புரியும் நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் எழுந்து நின்று, எல்லாரும் காணுமாறு குடத்தைத் தூக்கிக் காட்டுவார். ஓலையில் யார் பெயர் உள்ளது என்பதை அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பிப்பர். எடுத்த ஓலையை மத்தியத்தன் என்னும் நடுவன், ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்பான். விரலிடையில் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றுதற்கு இடமின்றி இவ்வாறு விதித்தனர். பின்னர் அவன் பெயரை உரக்கப் படிப்பான். அங்கிருந்த நம்பிமாரும் அதனைப் படிப்பர். இவ்வாறு குடும்பிற்கு ஒருவராக முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருள் பன்னிருவர் ஆண்டு வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியவர் ஆயினர். அவர்தம் பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள்.

தேர்வு நடந்த முறையினும் சிறந்தது, தேர்வுக்கு விதித்த தகுதி. வேட்பாளர் முப்பத்தைந்து வயதிற்கு மேலும் எழுபது வயதிற்கு உள்ளும் இருத்தல் வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், தம் மனையில் கட்டிய வீடும் உடையவராதல் வேண்டும். கல்வியும் ஒழுக்கமும் வாய்ந்தவராதல் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியப் பதவி வகியாதவராகவும் இருத்தல் வேண்டும். இவற்றோடு ஒரு தடையும் விதித்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் குடவோலைக்கு உரியவர் ஆகார். அவர் மட்டும் அன்று. அவருடைய உறவினர் பலரும் அத்தகுதியை இழந்தனர். ஒருவன் செய்த பிழைக்கு உறவினரையும் விலக்கியது மிகையன்றோ என நமக்குத் தோன்றலாம். எனினும், அண்ணன் காட்டாத கணக்கைத் தம்பி வந்து மூடி மறைத்துவிடக் கூடும் என்பதை அவ்வவையினர் எண்ணிப் பார்த்தனர் போலும்! பொதுப்பொருளைக் கையாண்டவன் பொதுவில் கணக்குக் கூற வேண்டும் என்பதே அவ்விதியின் உயிர்நிலை.

உத்தரமேரூர்ச் சபையின் சிறப்பைக் கூறும்போது அதன் குறையையும் மறைத்தல் தகாது. அது வேதியர்க்கு உரிய சதுர்வேதி மங்கலத்துச் சபை. நிலம் இல்லாதார்க்கு அதில் இடம் இல்லை. பிற குலத்தார்க்கு இடம் இல்லை. பெண்டிர்க்கும் இடம் இல்லை. வயலில் இறங்கி உழைத்தவர் கைக்கு அக்குடத்து ஓலை எட்டவில்லை. அவர்களும் அமரும் அவை அமைவதற்குத் தமிழகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1688-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி தோன்றியது. 1882-ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் உள்ளாட்சிக்கு ஊக்கம் அளித்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர் 1958-ஆம் ஆண்டில் சென்னை மாநில ஊராட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. 1992-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் ஊராட்சிகட்கு அரசியலமைப்பின் காவலைத் தந்தது. அதனை அடியொற்றி 1994-ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் என்று சட்டம் கூறுகின்றது. பதினெட்டு வயது நிரம்பி வாக்காளராகப் பதிவு பெற்றால் போதும். நிலம் வேண்டா, வீடு வேண்டா, குலம் வேண்டா.

ஆயினும், சட்டம் திறந்த கதவை மனிதர் சிலர் அடைக்க முயன்றதும் உண்டு. மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் இனத்தார்க்கு ஒதுக்கப்பட்டபோது, துணிந்து நின்று வென்ற முருகேசன் 1997-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் ஐவரோடு கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் அவ்வொதுக்கீட்டை ஏலாதார் பத்தாண்டுக் காலம் தேர்தலை முறையாக நடைபெறவொட்டாமல் தடுத்தனர். 2006-ஆம் ஆண்டிலேதான் அங்குத் தேர்தல் செவ்வனே நிகழ்ந்தது. இன்று நாம் எளிதாகச் சென்று அமரும் அவையில் ஓர் இருக்கையைப் பெறச் சிலர் உயிரையே விலையாகத் தந்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

இனி, இக்காலத்து ஊரவை ஒன்று கூடும் முறையைக் காண்போம். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் அமைந்தது திருமானூர். அது ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை இடம். ஆற்றைக் கடந்து தெற்கே சென்றால் திருவையாற்றை அடையலாம். திருமழபாடியும், வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியும், புள்ளம்பாடி வாய்க்காலின் நீரை ஏற்கும் கரைவெட்டி ஏரியும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தனவே. கரைவெட்டி, வெளிநாட்டுப் பறவைகளும் வந்து தங்கும் புகலிடம் ஆதலின், 2024-ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆறும் வாய்க்காலும் ஏரியும் சூழ்ந்த நாட்டில் பொதுச் செயல்கட்குக் குறைவு ஏது? நீர் வரும் வழி தூர்ந்தால் ஒருவன் வயல் மட்டும் காய்வதில்லை, ஊரே காயும். பண்டை நாளில் ஏரி வாரியம் இருந்த தேவை இன்றும் மாறவில்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை கூடிய கிராம சபை, 2022-ஆம் ஆண்டு முதல் ஆறு முறை கூடுமாறு வகுக்கப்பட்டது. குடியரசு நாளாகிய ஜனவரி 26, உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22, தொழிலாளர் நாளாகிய மே 1, விடுதலை நாளாகிய ஆகஸ்டு 15, காந்தியடிகள் பிறந்த நாளாகிய அக்டோபர் 2, உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 என்பன அவ்வாறு நாட்கள். கூட்டம் நிகழும் இடமும் நேரமும் ஏழு நாட்களுக்கு முன்னரே ஊரார்க்கு அறிவிக்கப்பெறுதல் வேண்டும். பள்ளி வளாகமோ, சமுதாயக் கூடமோ, மர நிழலோ எதுவாயினும், எல்லாரும் தடையின்றி வந்து அமரத்தக்க பொது இடமாக அஃது இருத்தல் வேண்டும்.

குறைந்த அளவு இத்துணைப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்னும் வரையறையும் உண்டு. அதனைக் குறைவெண் வரம்பு என்பர். ஐந்நூறு பேர் வரை வாழும் ஊராட்சியில் ஐம்பதின்மரும், பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் வாழும் ஊராட்சியில் முந்நூற்றுவரும் வருதல் வேண்டும். இந்த எண் நிறைந்த பின்னரே அவை நடவடிக்கை தொடங்கும். கூட்டப் பொருள்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படும். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு அவைமுன் வைக்கப்படும். தணிக்கை அறிக்கை கூறப்படும். குடிநீர், தெருவிளக்கு, சாலை, துப்புரவு, மேற்கொள்ள வேண்டிய புதிய பணிகள் ஆகியன ஆராயப்படும். முடிவில் தீர்மானங்கள் பதிவேட்டில் எழுதப்பெற்று, வந்தோர் கையொப்பம் இடுவர்.

இவற்றுள் உயிர்ப்பான பகுதி கணக்குப் படிக்கும் வேளையே. ஒரு தெருவில் குழாய் அமைத்ததாகச் செலவு எழுதப்பட்டிருப்பின், அத்தெருவில் வாழும் மூதாட்டி ஒருத்தி எழுந்து, "எங்கள் தெருவுக்குக் குழாய் எப்போது வந்தது? எனக்குத் தெரியவில்லையே!" என்று வினவலாம். அவள் எழுதப் படிக்க அறியாதவளாக இருக்கலாம். ஆயினும், தன் தெருவில் குழாய் உண்டா இல்லையா என்பதை அவளினும் நன்கு அறிந்த தணிக்கையாளர் எவர் உளர்? விடை கூறும் கடமை கணக்கு வைத்திருப்போர்க்கு உண்டு. அவள் வினாவும் அவர் விடையும் தீர்மான ஏட்டில் ஏறிவிட்டால், அது காற்றில் கரைந்து போகும் பேச்சன்று. பின்னொரு நாள் எடுத்துக் காட்டத்தக்க ஆவணம்.

ஊராட்சி மன்றம் வேறு. கிராம சபை வேறு. ஊரார் தேர்ந்தெடுத்த தலைவரும் உறுப்பினரும் கொண்டது ஊராட்சி மன்றம். அதற்கு ஐந்தாண்டுக் காலவரை உண்டு. ஊர் வாக்காளர் அனைவரையும் கொண்டது கிராம சபை. அதற்குக் காலவரை இல்லை. 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழக ஊராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் வரை தேர்தல் நடைபெறவில்லை. அப்போது தேர்வு பெற்றோரின் காலம், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் முடிவெய்தியது. இவ்விரு காலத்தும் தனி அலுவலர் பொறுப்பேற்றனர். தலைவர் இருக்கை வெறுமையாயினும் ஊரவை வெறுமையாகவில்லை. மன்றம் கலையும், சபை கலையாது. ஊர் உள்ளவரை, ஊரில் வாக்காளர் உள்ளவரை, அவ்வவை உண்டு. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்திலேதான் அதன் பயன் மிகுதியாக விளங்கும்.

எவராலும் கலைக்க இயலாத இவ்வவையைக் கலைக்க வல்லவர் ஒரு சாரார் மட்டும் உளர். அவர் அதன் உறுப்பினரே! கூட்டத்திற்கு வாராது வீட்டிலிருந்து, பின்னர் வரும் ஏட்டில் படியாமலே கையொப்பம் இடுவோரும், மனைவி பெற்ற உறுப்புரிமையில் தாம் சென்று பேசும் கணவரும், கணக்குப் படிக்கும்போது எழுந்து சென்று, விருந்து கொடுக்கும்போது திரும்பி வருவோரும் அவ்வவையை உள்ளிருந்தே கலைக்கின்றனர். ஊராட்சிப் பதவிகளில் செம்பாதியைப் பெண்டிர்க்கு ஒதுக்கும் திருத்தம் 2016-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. இடம் ஒதுக்குவது சட்டத்தால் இயலும். அவ்விடத்தில் அமர்ந்து பேசுவது அவரவர் துணிவால் இயலவேண்டும்.

உத்தரமேரூரில் குடத்திலிருந்து ஓலை எடுத்தவன் ஒரு சிறுவன். அவனுக்கு வாக்கில்லை, வாரியத்தில் இடமும் இல்லை. ஆயினும், அவன் கை தூயது என்று பேரவை நம்பியது. இன்றைய மாணவரும் அச்சிறுவனைப் போன்றவரே. கிராம சபையில் உறுப்பினராகும் வயது அவர்க்கு இன்னும் வரவில்லை. எனினும், வீட்டில் உள்ள மூத்தோரிடம் கூட்ட நாளை நினைவூட்டவும், "கணக்கில் என்ன படித்தார்கள்?" என்று மாலையில் வினவவும் வயது ஒரு தடையன்று. அவ்வினாவைக் கேட்டுப் பழகிய மாணவர் பதினெட்டு வயதில் அவைக்குள் நுழையும்போது, வெறுங்கையோடு நுழையார். ஊருக்கு உரிய ஒரு கேள்வியோடு நுழைவர்.

வினாக்கள்

1. அகநானூற்றுப் புலவர் கூறும் உவமையால் நாம் அறிவது யாது?
2. உத்தரமேரூரில் வாரிய உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்ட முறையை விளக்குக.
3. கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கியது முறையா? நும் கருத்தைக் கூறுக.
4. ஊராட்சி மன்றத்திற்கும் கிராம சபைக்கும் உள்ள வேறுபாடு யாது?
5. 'கலையாத அவை' என்னும் தலைப்பின் பொருத்தத்தை எழுதுக.