ஏப்ரல் வெயிலில் டெம்போ ஓட்டம்: வேகம் குறைந்தால் பலம் குறைந்ததா?

கேள்வி: எனக்கு வயது 20. மதுரையில் கல்லூரியில் படிக்கிறேன். 5,000 மீட்டரில் என் சிறந்த நேரம் 16 நிமிடம் 10 விநாடி. வாரம் ஒரு நாள் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 20 நிமிட டெம்போ ஓடுகிறேன். ஜனவரியில் ரவுண்டுக்கு 80 விநாடி பிடித்து ஓடினேன். கடைசி நாலைந்து ரவுண்டில் மூச்சு முட்டும், ஆனாலும் விடாமல் முடித்துவிடுவேன். இப்போது ஏப்ரலில் எவ்வளவு முயன்றாலும் 88 தான் வருகிறது. பலம் போய்விட்டதா? டெம்போவை வாரம் இரண்டு நாளாக்கலாமா?
- கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: தம்பி, உங்கள் பலம் எங்கும் போகவில்லை. ஏப்ரலின் 88-ஐ விட ஜனவரியின் 80 தான் எனக்குக் கவலை தருகிறது.

கணக்கைப் பாருங்கள். 16 நிமிடம் 10 விநாடி என்றால் போட்டியில் உங்கள் ரவுண்டு 77, 78 விநாடி. டெம்போ வேகம் என்பது போட்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். உங்களுக்கு அது கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிடத்தை ஒட்டி வரும். ரவுண்டுக்கு 84 விநாடி. நீங்கள் 80-ல் ஓடியிருக்கிறீர்கள். வாரா வாரம் பயிற்சி என்ற பெயரில் ஒரு போட்டியே ஓடி முடித்திருக்கிறீர்கள்.

நாலு விநாடியில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைக்க வேண்டாம். ஓடும்போது தசைகள் சர்க்கரையை எரிக்கின்றன. அப்போது லாக்டேட் உண்டாகிறது. அது விஷம், மறுநாள் கால் வலிக்கு அதுதான் காரணம் என்ற பழைய பேச்சு இன்னும் மைதானங்களில் ஓடுகிறது. அது தவறு. இதயமும் மற்ற தசைகளும் லாக்டேட்டை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. ஒரு குறிப்பிட்ட வேகம் வரை உண்டாவதும் செலவாவதும் சரிக்குச் சரியாகப் போகும். அதைத் தாண்டினால் தேங்க ஆரம்பிக்கும்; தசையில் அமிலத்தன்மை ஏறும், மூச்சு இரைக்கும், கால் கனக்கும். அந்த எல்லையை ஒட்டியே ஓடுவதுதான் டெம்போ. பால் பொங்கி வழியாமல் அடுப்பைக் குறைத்துவைத்துக் காய்ச்சுகிற மாதிரி. வாரக்கணக்கில் இப்படி ஓடினால் அந்த எல்லையே மேலே நகரும். நேற்று மூச்சிரைத்த வேகம் இன்று கைக்குள் அடங்கும். எல்லையைத் தாண்டி ஓடினால் களைப்புதான் கூடுமே தவிர, அந்த அளவுக்குப் பலன் கூடாது. அடுத்த இரண்டு நாள் ஓட்டமும் சேர்ந்து கெடும்.

எல்லையைக் கண்டுபிடிக்க வாட்ச் வேண்டாம், வாய் போதும். பக்கத்தில் ஓடுகிறவர் "இன்னும் எத்தனை ரவுண்டு?" என்று கேட்டால், "ஆறு ரவுண்டு இருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். நேற்றுப் பார்த்த சினிமாவின் கதையைச் சொல்ல முடிகிறதென்றால் வேகம் போதாது. தலையை மட்டும் ஆட்ட முடிகிறதென்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள். முடிக்கும்போது இதே வேகத்தில் இன்னும் பத்து நிமிடம் ஓடலாம் என்று தோன்றினால் அன்றைய டெம்போ சரியாக அமைந்தது.

இனி வெயில். சூடான காற்றில் ஓடும்போது உடம்பைத் தணிக்க ரத்தம் தோலுக்குப் போயாக வேண்டும். கால் தசைக்குக் கிடைப்பது குறையும், இதயம் வேகமாக அடிக்கும். ஜனவரி விடியலில் 84 கேட்கிற அதே உழைப்பை ஏப்ரலில் 88 கேட்கும். கத்திரி தொடங்கினால் 90 ஆனாலும் ஆச்சரியமில்லை. உடம்பிடம் வாங்கும் வேலை ஒன்றுதான்.

வெயிலில் வரும் நேரத்தை வைத்துப் பலத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு உதாரணம், நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர், நெடுந்தூர ஓட்டக்காரர் லட்சுமணன் கோவிந்தன். 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 5,000 மீட்டரில் தங்கம் தந்த நேரம் 14 நிமிடம் 54 விநாடி. அடுத்த மாதம் லண்டன் உலகத் தடகளப் போட்டியில் அவர் ஓடியது 13 நிமிடம் 35 விநாடி. அது அவருடைய சொந்த சாதனை, ஆனால் இறுதிச் சுற்றுக்குப் போதவில்லை. பதக்கத்துக்காக ஓடும்போது கடைசி வரை பதுங்கி ஓடுவதும் இந்த வித்தியாசத்தில் சேர்த்திதான். ஆனாலும் ஒரே ஆள், ஒரே தூரம், ஒரு மாத இடைவெளியில் ஒரு நிமிடத்துக்கு மேல் வேறுபாடு. புவனேசுவரத்து நேரத்தை மட்டும் பார்த்து அவர் பலத்தை எடைபோட்டிருந்தால் எவ்வளவு தப்பாகப் போயிருக்கும்!

ஆகவே மே முடியும் வரை காலை ஐந்தரைக்குள் டெம்போவைத் தொடங்கிவிடுங்கள். 20 நிமிடம் ஒரே மூச்சாக முடியாத நாளில் ஏழு ஏழு நிமிடமாக மூன்று தடவை ஓடி, நடுவில் ஒரு நிமிடம் மெதுவாக ஓடுங்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் பரப்பிய முறை இது. பலன் குறையாது. மாதம் ஒரு முறை டிராக்கில் ஓடினால் போதும். மற்ற வாரங்களில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றியோ கீழக்குயில்குடி பக்கமோ தார்ச்சாலையில் ஓடுங்கள். கண்மாய்க் கரை மெது ஓட்டத்துக்கு அருமை, டெம்போவுக்கு வேண்டாம். மேடு பள்ளத்தில் ஒரே சீரான வேகம் வராது.

இன்னொன்று. உங்கள் மைதானத்தில் போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பையன்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கவலையில் தினமும் தம் கட்டி ஓடுவார்கள். கடைசி ரவுண்டில் ஒருவர் உங்களைத் தாண்டிப் பாய்ந்தால் ரோஷப்பட்டுப் பின்னால் போகாதீர்கள். அவர் வேலை வேறு, உங்கள் வேலை வேறு.

வாரம் இரண்டு டெம்போ வேண்டாம். வாரத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு டெம்போவுக்குப் போதும் என்பது டேனியல்ஸ் கணக்கு. வாரம் 60 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 6 கிலோமீட்டர். 84 விநாடி வீதம் 20 நிமிடம் ஓடினால் அதை ஏறக்குறையத் தொட்டுவிடுவீர்கள். இன்னொரு நாள் போட்டி வேகத்தில் ஐந்து 1,000 மீட்டர், நடுவில் போதிய ஓய்வோடு. மிச்ச நாளெல்லாம் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 1,500 மீட்டரில் மாவட்ட அளவில் ஓடுகிறாள். இரண்டு மாதமாகச் சீக்கிரமே களைத்துவிடுகிறாள். டெம்போ பயிற்சி கொடுத்தால் சரியாகுமா?
- ஒரு தந்தை, மேலூர்

பதில்: ஐயா, பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபினோடு, இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் பிடிக்காது. மாதவிலக்கு தொடங்கியிருந்து, இடையில் தள்ளிப்போகிறதா என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தள்ளிப்போனால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். சாப்பாடு போதாமல் ஓடுகிற பெண்களுக்கு அப்படி வருவதுண்டு. முடிவு வரும் வரை வாரம் மூன்று நாள் மெதுவாக ஓடட்டும். டெம்போ அதன்பிறகு பத்து நிமிடத்தில் தொடங்கட்டும்.