பாப்பாவுக்கு நீதான் சாட்சி

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ ஃபோனில் கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. குழந்தையின் படிப்பு விஷயம். எழுத்தில் இருந்தால் மாப்பிள்ளையும் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம்.

பாப்பா கிண்டர்கார்டனில் வாயே திறப்பதில்லை, டீச்சர் "நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார், இவளை ஜிடி (கிஃப்டட் அண்ட் டேலன்டட், அதாவது தனித்திறன் பிள்ளைகளுக்கான) டெஸ்டுக்கு யார் எடுப்பார்கள் என்று கேட்டாய். எதிர்வீட்டுப் பையன் அதற்கு வைக்கும் கோகாட் (CogAT) என்ற திறன் தேர்வுக்கான பயிற்சி வகுப்புக்குப் போகிறான், நாமும் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டாய். இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான். நீ அவளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டாம், சாட்சி சொல். வீட்டில் அவள் செய்வதெல்லாம் பள்ளிக்குத் தெரியாது. தெரியவைப்பது உன் பொறுப்பு.

முதலில் உன் உரிமையைத் தெரிந்துகொள். கிஃப்டட் கல்வியைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும். நீ இருப்பது டெக்சாஸ். இங்கே ஒவ்வொரு பள்ளி டிஸ்ட்ரிக்டும் எல்லா வகுப்புகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்களுக்கென்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டம் சொல்கிறது. அதே வயதோ அனுபவமோ சூழலோ கொண்ட மற்றவர்களோடு ஒப்பிட்டால் மிக உயர்ந்த அளவில் செயல்படுகிற, அல்லது அதற்கான ஆற்றலைக் காட்டுகிற பிள்ளை என்பது அந்தச் சட்டத்தின் வரையறை. தமிழே பேசி வளர்ந்து, ஆகஸ்டில்தான் ஆங்கில வகுப்புக்குள் நுழைந்த குழந்தையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதிலேயே இடம் இருக்கிறது.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டுமொழி தமிழ் என்று எழுதியதற்காக நீ வருத்தப்படுகிறாய். எழுதியது சரிதான். அதைப் பார்த்துப் பள்ளி அவளுடைய ஆங்கிலத்தைச் சோதிக்கும், அவ்வளவுதான். ஆங்கிலம் கற்கும் பிள்ளை என்று பதிவாவதால் ஜிடி வாய்ப்பு போய்விடாது. அவளுக்குப் புரியும் மொழியிலோ, சொற்கள் தேவைப்படாத தேர்விலோதான் அவளை மதிப்பிட வேண்டும் என்று ஜிடி கல்விக்கான மாநிலத் திட்டம் கேட்கிறது. படிவத்தில் பொய்யாக "ஆங்கிலம்" என்று எழுதும் நம்மவர்கள், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய இந்தப் பாதுகாப்பைத் தாங்களே கைவிடுகிறார்கள்.

டீச்சர்மேல் கோபப்படாதே. ஜிடி வகுப்பு எடுப்பவர்களுக்கு இங்கே 30 மணி நேரப் பயிற்சி கட்டாயம், ஆண்டுதோறும் 6 மணி நேரம் கூடுதல். சாதாரண வகுப்பாசிரியர் எல்லோரும் அதைப் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. நான் இங்கே தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில் பார்த்திருக்கிறேன்: முந்திக்கொண்டு கை தூக்கும் பிள்ளை உடனே கண்ணில் படும்; பேசாத பிள்ளை படாது. ஃப்ளோரிடாவின் ப்ரொவார்ட் கவுண்டியில் முன்பெல்லாம் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் சோதிப்பார்கள். 2005 முதல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் சொற்களில்லாத முதற்கட்டத் தேர்வு வைத்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளும் முன்பைவிட மிக அதிகமாகத் தேறினார்கள். அந்தப் பிள்ளைகள் புதிதாக எங்கிருந்தும் வந்துவிடவில்லை. முன்பும் அதே வகுப்புகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே யாராவது பரிந்துரைப்பார்கள் என்று காத்திருக்காதே. பெற்றோரே பரிந்துரைக்கலாம். வாசலில் பிள்ளையை விடும்போது வாய்ச்சொல்லாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். மின்னஞ்சல் எழுது. வகுப்பாசிரியருக்கும் கவுன்சிலருக்கும் சேர்த்து அனுப்பு. "என் மகளை ஜிடி மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கிறேன், படிவமும் கடைசித் தேதியும் தெரிவியுங்கள்" என்று இரண்டு வரி போதும். கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்கு மார்ச் 1க்குள் சேவை தொடங்கிவிட வேண்டும் என்பதால், பல டிஸ்ட்ரிக்டுகளில் பரிந்துரைக் கெடு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். தேதியைத் தவறவிட்டு, அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும் பெற்றோரை ஆண்டுதோறும் பார்த்தேன்.

பெற்றோர் படிவத்தில் எதை எழுதுவது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். "மிகவும் புத்திசாலி, சீக்கிரம் கற்றுக்கொள்வாள்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. எல்லாப் பெற்றோரும் அதையேதான் எழுதுகிறார்கள். பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது நடந்ததை எழுது. ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் முடியும் இடைப்புள்ளிக் கோலம் வைத்தோம். பாப்பா ஓரத்தில் உட்கார்ந்து வரிசைகளை எண்ணினாள். "நடுவுல ஏழு, வரிசையும் ஏழு" என்றாள். பிறகு அவளாகவே ஐந்து புள்ளி வைத்து, மேலும் கீழும் மூன்று வரை இறக்கி, "இதுலயும் அஞ்சு வரிசைதான் பெரியம்மாச்சி" என்றாள். ஒன்பது வைத்தால் எதில் முடிக்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு ஐந்து என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தை ஒரு விதியைத் தானே கண்டு, சிறியதில் சோதித்து, பெரியதற்கும் நீட்டினாள். கோகாட்டின் எண் பகுதியும் உருவப் பகுதியும் தேடுவது இதைத்தான். அந்தக் காகிதத்தைத் தேடியெடுத்துத் தேதி போட்டுப் படமெடு. அவள் தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருள் எழுது. இப்படி நான்கைந்து நிகழ்ச்சிகள் இருந்தால் போதும். எதையும் மிகைப்படுத்தாதே. செருப்பு வாரை மாட்டத் தெரியாமல் அழுகிறாள் என்பதையும் மறைக்காதே. இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் அறிவும் கைப்பழக்கமும் மனசும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அதுவும் மதிப்பிடுபவர்கள் பார்க்க வேண்டியதுதான்.

இனி அந்தப் பயிற்சி வகுப்பு. வேண்டாம் கண்ணு. கோகாட் தேர்வில் சொல், எண், உருவம் என்று மூன்று பகுதிகள். இந்த வயதில் கேள்விகள் பெரும்பாலும் படங்களாகவே இருக்கும். புதிய புதிரைப் பார்த்ததும் மனம் எப்படி வேலை செய்கிறது என்று அறியத்தான் அதை வைக்கிறார்கள். நூறு புதிர்களை மனப்பாடமாக்கி அனுப்பினால், அது அவளைப் பற்றி உண்மை எதையும் சொல்லாது. அந்தப் பொய் எண்ணை நம்பி ஒரு வகுப்பில் உட்காரவைத்தால், நாள்தோறும் அங்கே திணறுவது அவள்தான். மாதிரிக் கேள்வி ஒன்றிரண்டைக் காட்டி, விடையை எப்படிக் குறிப்பது என்று சொல்லிக்கொடு. முந்தின இரவு சீக்கிரம் தூங்கவை. அது பெரிய தேர்வு என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம். மாமியாரிடமும் சொல்லிவை.

முடிவு வரும்போது 95 பெர்சென்டைல் என்றிருந்தால் அதை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மதிப்பெண்ணாக நினைத்துவிடாதே. அவள் வயதுப் பிள்ளைகளில் நூற்றில் 95 பேருக்குச் சமமாகவோ மேலாகவோ செய்திருக்கிறாள் என்று பொருள். ஒரே எண்ணை வைத்து எடுக்கவோ தள்ளவோ கூடாது; பல சான்றுகளைப் பார்த்து, ஜிடி பயிற்சி பெற்ற குழுதான் முடிவு செய்ய வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் நேரில் பேச நேரம் கேள். ஒப்பவில்லை என்றால் மேல்முறையீட்டு வழியைக் கேள். ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் அதற்கென விதி வைத்திருக்க வேண்டும். வெளியே சைக்காலஜிஸ்டிடம் பணம் கட்டிச் சோதிக்கும் முன், அந்த அறிக்கையைப் பள்ளி ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிவிடு.

தேறாவிட்டால் இடிந்து போகாதே. 1921இல் ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் மேதைக் குழந்தைகளைத் தேடித் தொடங்கிய ஆய்வில், லூயிஸ் ஆல்வரெஸ், வில்லியம் ஷாக்லி என்ற இரண்டு சிறுவர்கள் தேர்வு எழுதியும் சேர்க்கப்படவில்லை. பின்னாளில் ஷாக்லிக்கு 1956லும் ஆல்வரெஸுக்கு 1968லும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஐந்து வயதில் ஒரு காலையில் எடுத்த அளவு அவ்வளவுதான் சொல்லும். அடுத்த ஆண்டு மறுபடி பரிந்துரை.

தேறினால் உடனே ஒரு கேள்வி கேள்: வாரத்தில் எவ்வளவு நேரம், யார், என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? ஜிடி என்று ஒட்டிய பெயருக்குப் பின்னால் பாடம் எதுவும் இல்லை என்றால் அந்தப் பெயரால் அவளுக்குப் பயனில்லை. "நீ மற்றவர்களைவிடப் புத்திசாலி" என்று மட்டும் அவளிடம் யாரும் சொல்லக் கூடாது. உறவினர் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதே. கடினமான பாடம் கிடைத்ததற்குச் சந்தோஷப்படு, அது போதும்.

உன் டிஸ்ட்ரிக்டின் கெடு எப்போது என்று நாளைக் காலையிலேயே பார். மின்னஞ்சல் எழுதியதும் அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, ஆங்கிலத்தைத் திருத்தித் தருகிறேன். கோலக் காகிதம் சமையலறை இழுப்பறையில்தான் இருக்க வேண்டும், குப்பையில் போட்டுவிடாதே.

அன்புடன்,
பெரியம்மா