கண்காணிப்பு கேமராவில் எத்தனை மி.மீ. லென்ஸ்?

கடையில் கண்காணிப்பு கேமரா மாட்டும்போது வணிக அன்பர்கள் பலரும் எத்தனை கேமரா, என்ன விலை, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்றெல்லாம் கேட்கிறோம். லென்ஸ் எத்தனை மி.மீ. என்று கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் கிட்டங்கியிலிருந்து ஓர் ஏலக்காய் மூட்டை வாசல் வழியாகவே வெளியேறியது. பதிவில் எல்லாம் இருக்கிறது; தூக்கிப் போனவரின் முகம் மட்டும் வெளிறிய ஒரு திட்டு. "ஆள் போவது தெரிகிறது, யார் என்று தெரியவில்லையே" என்றார் பதிவைப் பார்த்த காவலர்.

மாட்டியிருந்தது 2.8 மி.மீ. லென்ஸ். இந்த எண்தான் குவியத் தூரம். தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் லென்ஸுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் தெளிவாக விழுகிறது என்பதே அது. எண் சிறிதானால் அதிக இடம் தெரியும், ஆள் சிறிதாவார். எண் பெரிதானால் இடம் குறுகும், ஆள் பெரிதாவார். ஸ்டூடியோக்காரர்கள் 50 மி.மீ. என்பார்களே, அது 36 மி.மீ. அகல ஃபிலிமுக்கு உரிய கணக்கு. நம் கேமராவின் சென்சார் அகலம் பெரும்பாலும் ஐந்தரை மி.மீ. அளவே.

சென்சார் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்தால் படத்தில் விழும் இடத்தின் அகலம் கிடைக்கும். எங்கள் வாசல் கேமராவிலிருந்து 20 அடி. 2.8 லென்ஸில் அங்கே சுமார் 39 அடி அகலம் விழுகிறது. 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்கே இருப்பது 1920 புள்ளிகள். அடிக்கு 50 புள்ளிகூட இல்லை. முகத்தின் அகலம் அரை அடி; அதற்கு 25 புள்ளி! முகத்தை உறுதியாக அடையாளம் காண அடிக்குச் சுமார் 75 புள்ளி வேண்டும் என்பது இத்தொழிலில் வழங்கும் அளவு. அதே இடத்தில் 6 மி.மீ. போட்டால் 18 அடி அகலம், அடிக்கு 107 புள்ளி.

பதிவான படத்தைத் திரையில் பெரிதாக்கலாமே என்று கேட்பவர் உண்டு. இல்லாத புள்ளி எங்கிருந்து வரும்? திட்டுதான் பெரிதாகும்.

பழைய கேமராவை நாங்கள் கழற்றவில்லை. சரக்கு ஏற்றி இறக்குவதை முழுதும் பார்க்க அதுவே நல்லது. வாசலுக்கு மட்டும் 6 மி.மீ. தனியாக வைத்தோம். கல்லாவுக்கு, ஆறடி தூரத்தில் மாட்டுவதானால், 4 மி.மீ. போதும். தூரம் தீர்மானமாகாதவர்கள் 2.8 முதல் 12 வரை திருப்பிக்கொள்ளும் லென்ஸ் வாங்கலாம், விலை கூடுதல்.

மாட்டுபவருக்குப் பாக்கித் தொகையைக் கொடுக்குமுன், கடைப் பையனை வாசலில் நிறுத்திப் பதிவு செய்து, ஓட்டிப் பாருங்கள். விளக்கு வைத்த பிறகும் ஒருமுறை பாருங்கள்.